ஜெயிச்சாலும் 9, தோத்தாலும் 9... வெஸ்ட்ஹாம் ஓடுமா? - பிரீமியர் லீகின் கடைசி ஞாயிறு!

ஒரு டீம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் அதற்கு 9-வது இடம். டிரா செய்தால் 9-வது இடம். பத்து கோல் வாங்கித் தோற்றாலும் அதே 9-வது இடம்தான். மேலே இருக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 57 புள்ளிகள். இவர்கள் கையில் 52. எட்டவே முடியாது. கீழே இருக்கும் பிரைட்டன், போர்ன்மவுத் இரண்டுக்கும் தலா 48. அவர்களாலும் இவர்களைத் தொட முடியாது. போதாததற்கு கோச்சும் இந்த மேட்ச்சோடு கிளம்புகிறார்.

அந்த டீமின் பெயர் வெஸ்ட்ஹாம் யுனைடெட். கடைசி நாளில் அவர்களுக்கு ஜெயிப்பதற்கும் ஒன்றுமில்லை, இழப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆனால், உலகம் முழுக்க ஆர்சனல் ரசிகர்கள் (ஆமாம், இதை எழுதுற ஆளும் அந்தக் கூட்டம்தான்) 20 வருஷமாகக் காத்திருக்கும் கோப்பை, இந்த 9-வது இடத்து டீமின் கால்களில்தான் இருக்கிறது.

மே 19, ஞாயிறு. நம்ம ஊர் நேரப்படி இரவு 8.30 மணி. 2023-24 பிரீமியர் லீக் சீசனின் கடைசி நாள். பத்து மேட்ச், பத்து கிரவுண்ட், ஒரே நேரம். எதைப் பார்க்கணும், ஏன் பார்க்கணும், எந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளணும்? கால்பந்து தினமும் பார்ப்பவராக இருந்தாலும் சரி, ரீல்ஸில் மட்டும் கோல் பார்ப்பவராக இருந்தாலும் சரி, இதோ உங்களுக்காக.

முதலில் கணக்கு

37 மேட்ச் முடிந்த நிலையில் மான்செஸ்டர் சிட்டி 88 புள்ளிகள். ஆர்சனல் 86. சிட்டி தன் சொந்த மைதானமான எட்டிஹாட்டில் வெஸ்ட்ஹாமைச் சந்திக்கிறது. ஆர்சனல் லண்டன் எமிரேட்ஸில் எவர்டனைச் சந்திக்கிறது. ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் பூஜ்யம். இப்போது வரக்கூடிய முடிவுகளைப் பார்த்துவிடலாம்.

சிட்டி ஜெயித்தால்: கதை முடிந்தது. 91 புள்ளிகள். ஆர்சனல் எட்டு கோல் போட்டு ஜெயித்தாலும் 89-ஐத் தாண்டாது.

சிட்டி டிரா, ஆர்சனல் வெற்றி: இரண்டு டீமுக்கும் 89. இங்கேதான் கோல் டிஃபரன்ஸ் உள்ளே வருகிறது. அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது. சிட்டிக்கு இப்போது +60, ஆர்சனலுக்கு +61. டிரா செய்தால் சிட்டி அதே 60-ல் நிற்கும். ஜெயித்தால் ஆர்சனல் குறைந்தது 62-க்குப் போகும். கோப்பை லண்டனுக்கு.

சிட்டி தோல்வி, ஆர்சனல் வெற்றி: 88-க்கு 89. கோப்பை லண்டனுக்கு.

ஆர்சனல் ஜெயிக்காவிட்டால்: சிட்டி அஞ்சு கோல் வாங்கித் தோற்றாலும் சிட்டிதான் சாம்பியன்.

ஐ.பி.எல் பிளே ஆஃப் வாய்ப்புக்காக இந்த வாரம் முழுக்க நெட் ரன் ரேட் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் சி.எஸ்.கே, ஆர்.சி.பி ரசிகர்களுக்கு இது சின்னப்பிள்ளைக் கணக்கு. தசமப் புள்ளி கிடையாது, ஓவர் கணக்கு கிடையாது. ஆர்சனலுக்கு ரெண்டே ரெண்டு விஷயம் நடக்கணும். ஒன்று, அவர்கள் ஜெயிக்கணும். இரண்டு, சிட்டி ஜெயிக்கக் கூடாது. முதலாவது அவர்கள் கையில் இருக்கிறது. இரண்டாவது வெஸ்ட்ஹாம் கையில்.

'கோல் டிஃபரன்ஸெல்லாம் சும்மா பேச்சுக்குத்தானே, அதை வெச்சு யாராச்சும் சாம்பியன் ஆகியிருக்காங்களா?' என்று கேட்டால், ஆகியிருக்கிறார்கள். 2012-ல் மான்செஸ்டரின் இரண்டு டீம்களும் சரியாக 89 புள்ளிகளில் முடித்தன. +64 வைத்திருந்த சிட்டி, +56 வைத்திருந்த யுனைடெட்டைப் பின்னுக்குத் தள்ளியது. 1989-ல் இன்னும் மோசம். ஆர்சனலும் லிவர்பூலும் 76 புள்ளிகள், கோல் டிஃபரன்ஸும் இருவருக்கும் +37. கடைசியில் யார் அதிக கோல் அடித்தார்கள் என்று எண்ணிப் பார்த்து, 73 கோல் அடித்த ஆர்சனலுக்குக் கோப்பை போனது. லிவர்பூல் அடித்தது 65. அந்த சீசனின் கடைசி மேட்ச்சே இந்த இரண்டு டீமுக்கும் நடுவில்தான். இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தே ஆகணும் என்ற நிலையில், லிவர்பூலின் சொந்த மண்ணான ஆன்ஃபீல்டில், ஸ்டாப்பேஜ் டைமில் மைக்கேல் தாமஸ் அடித்த கோல் அது.

பத்து மேட்ச்சும் ஏன் ஒரே நேரத்தில்?

மற்ற வாரங்களில் பிரீமியர் லீக் மேட்ச்களைப் பிரித்துப் பிரித்துப் போடுவார்கள். சனி மாலை ஒன்று, இரவு ஒன்று, ஞாயிறு இரண்டு, திங்கள் ஒன்று. டிவி வியாபாரத்துக்கு அதுதான் லாபம். ஆனால், கடைசி நாளில் மட்டும் அந்த லாபத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பத்து மேட்ச்சையும் ஒரே நிமிடத்தில் தொடங்குகிறார்கள்.

இதன் பின்னால் ஓர் அவமானக் கதை இருக்கிறது. 1982 உலகக் கோப்பை, ஸ்பெயினின் கிகோன் நகரம். மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தங்கள் பிரிவின் கடைசி மேட்ச்சில் மோதின. அந்தப் பிரிவில் மேற்கு ஜெர்மனியையே தோற்கடித்திருந்த அல்ஜீரியா, முந்தின நாளே தன் மேட்ச்களை முடித்துவிட்டது. அதனால் எந்த ஸ்கோர் வந்தால் யார் உள்ளே, யார் வெளியே என்பது ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுக்கும் நன்றாகத் தெரியும். ஜெர்மனி ஒரு கோலில் ஜெயித்தால் இரண்டு டீமும் அடுத்த சுற்றுக்குப் போகலாம். அல்ஜீரியா வீட்டுக்குப் போகும். 10-வது நிமிடத்தில் ஜெர்மனி கோல் அடித்தது. அதற்குப் பிறகு இரண்டு டீமும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டின. 1-0. அல்ஜீரியா வெளியே.

அடுத்த உலகக் கோப்பையிலிருந்து, ஒரு பிரிவின் கடைசி மேட்ச்கள் ஒரே நேரத்தில் நடக்கணும் என்று விதி வந்தது. பிரீமியர் லீகின் கடைசி நாளும் அதே நியாயத்தில்தான் நடக்கிறது. பக்கத்து கிரவுண்டின் முடிவைத் தெரிந்துகொண்டு யாரும் ஆடக் கூடாது.

சரி, ஆனால் இந்த விதியால் ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயப்படுத்த முடியாது. வெஸ்ட்ஹாம் மாதிரி 'எது நடந்தாலும் நமக்கு ஒண்ணுதான்' என்று இருக்கிற டீம், உயிரைக் கொடுத்து ஓடணும் என்று எந்த ரூல் புக்கிலும் எழுத முடியாது. ஒரு லீக் நேர்மையானதா என்பதற்கான நிஜமான பரீட்சை அதுதான். கோப்பைக்காக ஓடுபவர்கள் ஓடத்தான் செய்வார்கள். எதுவுமே கிடைக்காதவன் ஓடுகிறானா என்பதுதான் கேள்வி.

வெஸ்ட்ஹாம் ஏற்கெனவே ஒருமுறை ஓடியிருக்கிறது

1995, மே 14. அன்றைக்கும் சீசனின் கடைசி நாள். முந்தைய இரண்டு வருடமும் சாம்பியனான மான்செஸ்டர் யுனைடெட், மூன்றாவது கோப்பைக்காக லண்டன் வந்திருந்தது. எதிரே வெஸ்ட்ஹாம். சில நாள்களுக்கு முன்புதான் லிவர்பூலை 3-0 என்று அடித்து, கீழ் டிவிஷனுக்கு இறங்கும் ஆபத்திலிருந்து அவர்கள் தப்பித்திருந்தார்கள். ஆக, அன்றைக்கும் அவர்களுக்குக் கிடைக்க ஒன்றுமில்லை.

முதல் கோலை வெஸ்ட்ஹாம்தான் அடித்தது. யுனைடெட் சமன் செய்தது. அதற்குப் பிறகு அலை அலையாக அட்டாக். வெஸ்ட்ஹாம் கோல்கீப்பர் லுடெக் மிக்லோஸ்கோ எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டே இருந்தார். 1-1. அதே நேரத்தில் முதலிடத்தில் இருந்த பிளாக்பர்ன், ஆன்ஃபீல்டில் கடைசி நிமிட கோலில் லிவர்பூலிடம் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றும் சாம்பியன்! பிளாக்பர்ன் 89, யுனைடெட் 88. லண்டனில் வெஸ்ட்ஹாம் ஒரே ஒரு கோலை விட்டுக்கொடுத்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும்.

அந்த மேட்ச்சில் லிவர்பூலும் கவனிக்கப்பட வேண்டிய டீம். அவர்கள் தோற்றிருந்தால், ஜென்ம எதிரியான யுனைடெட்டுக்குக் கோப்பை கிடைக்காது என்பது உறுதியாகியிருக்கும். பிளாக்பர்ன் கோச்சோ கென்னி டால்கிலிஷ், லிவர்பூல் ரசிகர்கள் கொண்டாடும் மனிதர். எல்லாக் காரணமும் 'விட்டுக்கொடு' என்றது. அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெயித்தார்கள்.

இப்போது 29 வருடம் கழித்து, தொடர்ந்து மூன்று வருடம் சாம்பியனான இன்னொரு மான்செஸ்டர் டீம். எதிரே அதே வெஸ்ட்ஹாம். சிட்டி இந்த முறையும் ஜெயித்தால் அது தொடர்ந்து நான்காவது கோப்பை. 1888-ல் தொடங்கிய இங்கிலாந்து லீக் வரலாற்றில் எந்த டீமும் இதைச் செய்ததில்லை. ஹட்டர்ஸ்ஃபீல்டு, ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் எல்லாருமே மூன்றோடு நின்றவர்கள்தான்.

ஆனால் ஆர்சனல் ரசிகர்களே, ரொம்பவும் குஷியாக வேண்டாம். இன்னொரு தேதியும் இருக்கிறது. 2014, மே 11. அதே எட்டிஹாட், அதே கடைசி நாள், அதே வெஸ்ட்ஹாம். சிட்டி 2-0 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது.

வெஸ்ட்ஹாமால் நிஜமாகவே முடியுமா?

உண்மையைச் சொன்னால், ரொம்பக் கஷ்டம். இந்த சீசனில் வெஸ்ட்ஹாம் வாங்கிய கோல்கள் 71. சமீபத்தில் மட்டும் கிரிஸ்டல் பேலஸிடம் அஞ்சு, செல்சீயிடம் அஞ்சு. எதிரே 93 கோல் அடித்த சிட்டி. எட்டிஹாட்டில் சிட்டி கடைசியாக லீக் மேட்ச் தோற்றது 2022 நவம்பரில், பிரென்ட்ஃபோர்டிடம். கடந்த டிசம்பர் 6-ம் தேதி ஆஸ்டன் வில்லாவிடம் தோற்ற பிறகு 22 லீக் மேட்ச்களில் 18 வெற்றி, 4 டிரா. தோல்வியே இல்லை.

இன்னொரு தகவல். இந்த சீசனில் சிட்டி லீகில் தோற்றது மூன்றே மேட்ச். மூன்றிலும் ரோட்ரி ஆடவில்லை. நடுக்களத்தில் நின்றுகொண்டு எதிரணியின் கவுன்ட்டர் அட்டாக்கை முளையிலேயே கிள்ளுகிறவர் அவர்தான். ஞாயிறன்று அவர் ஆடுவதற்குத் தடையில்லை.

கடைசி நாள் பதற்றமும் சிட்டிக்குப் புதிதில்லை. 2012, 2014, 2019, 2022 என்று நான்கு முறை கடைசி நாளில் ஜெயித்துக் கோப்பை வாங்கியவர்கள். 2022-ல் வில்லாவிடம் 0-2 என்று பின்தங்கி, அஞ்சே நிமிட இடைவெளியில் மூன்று கோல் அடித்து 3-2 என்று முடித்தார்கள். அந்த வில்லாவும் அட்டவணையின் பின்பாதியில், எதற்கும் ஆடாத டீமாகத்தான் வந்தது. வந்து 69 நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்துச் சிட்டியின் வயிற்றில் புளியைக் கரைத்தது.

சரி, வெஸ்ட்ஹாமிடம் என்ன இருக்கிறது? டேவிட் மோயஸின் டீம்கள் எப்போதும் ஒரே பாணியில்தான் ஆடும். தன் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் இரண்டு வரிசையாக ஆள்களை நிறுத்தி, நடுவில் இடமே கொடுக்காமல் அடைத்துவிடுவது. பந்து கிடைத்த நொடியில் ஜாரட் போவனையும் முகமது குடூஸையும் நோக்கி அனுப்பிவிடுவது. ஒரு ஃப்ரீகிக்கோ கார்னரோ கிடைத்தால் ஜேம்ஸ் வார்ட்-பிரௌஸ் பந்தை வளைத்து உள்ளே போட, உயரமான தாமஸ் சூச்செக் தலையால் முட்டப் பார்ப்பார். 90 நிமிடம் அடி வாங்கி, மூன்று வாய்ப்பில் ஒன்றைக் கோலாக்குவது. அவ்ளோதான் பிளான்.

2022 மே மாதம் லண்டனில் இதே பிளானில்தான் போவன் இரண்டு கோல் அடித்தார். சிட்டி 2-2 டிராவோடு தப்பித்தது. கடந்த செப்டம்பரிலும் வெஸ்ட்ஹாம்தான் முதல் கோல் அடித்தது. பிறகு சிட்டி மூன்று அடித்தது என்பது வேறு விஷயம்.

மனுஷங்க கதையும் ஒன்று இருக்கிறது. 2023 ஜூனில் பிராக் நகரில் யூரோப்பா கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையை ஜெயித்தது வெஸ்ட்ஹாம். 1980-க்குப் பிறகு கிளப்புக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை. கோச் மோயஸ். கேப்டன் டெக்லன் ரைஸ். அடுத்த மாதமே ரைஸ் 10.5 கோடி பவுண்டுக்கு ஆர்சனலுக்குப் போனார். இந்த ஞாயிறு, ரைஸின் முதல் லீக் கோப்பை அவருடைய பழைய கோச்சின் கடைசி மேட்ச்சில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மோயஸுக்கு இது கிளப்பிலிருந்து விடைபெறும் நாள். தன் பெயரில் இருக்கும் கடைசி ஸ்கோர் 0-6 என்று இருக்கணும் என்று எந்தக் கோச்சும் விரும்ப மாட்டார். எதுவுமே இல்லை என்று சொன்னேனே, அது அட்டவணையில் மட்டும்தான்.

எமிரேட்ஸில் எவர்டன்

எல்லாரும் எட்டிஹாட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆர்சனல் தன் வேலையை முடித்தாகணும். எவர்டன் 15-வது இடத்தில் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தை நம்பி ஏமாறக் கூடாது. செலவுக் கட்டுப்பாட்டு விதிகளை மீறியதற்காக இந்த சீசனில் அவர்களிடமிருந்து மொத்தம் 8 புள்ளிகள் பிடுங்கப்பட்டன. பிடுங்காமல் விட்டிருந்தால் 40-க்குப் பதில் 48. அதுவும் போன மாதம், லிவர்பூலை 2-0 என்று தோற்கடித்து, அவர்களுடைய கோப்பைக் கனவை உடைத்தது இதே எவர்டன்தான். ஒரு சீசனில் இரண்டு டீமின் கனவைக் கலைத்தால் எவர்டன் ரசிகர்களுக்கு அதைவிடக் கொண்டாட்டம் இருக்காது.

அவர்களுக்குச் சின்னதாக ஒரு காசுக் கணக்கும் இருக்கிறது. அட்டவணையில் ஒவ்வொரு இடத்துக்கும் சுமார் 30 லட்சம் பவுண்டு வித்தியாசம். எவர்டன் தோற்று, 39 புள்ளிகளோடு இருக்கும் பிரென்ட்ஃபோர்டு ஜெயித்தால் ஓர் இடம் இறங்கும்.

ஆர்சனல் கோச் மிகெல் ஆர்டெட்டாவுக்கு இந்த ஞாயிறு ஒரு குடும்ப விழா மாதிரி. எவர்டனில் ஆறு வருடம் ஆடியவர். அவரை அங்கே கொண்டுவந்தது அன்றைய எவர்டன் கோச் மோயஸ். ஆட்டத்தை நிறுத்திய பிறகு சிட்டியில் பெப் கார்டியோலாவின் உதவியாளராகத் தொழில் கற்றார். குருவைத் தோற்கடிக்க இன்னொரு குருவின் உதவி தேவை என்ற நிலை.

ஆர்சனல் கடைசியாகச் சாம்பியன் ஆனது 2003-04-ல். 38 மேட்ச்சில் ஒன்றுகூடத் தோற்காத சீசன் அது. அந்த வருடம் பிறந்த குழந்தைக்கு இப்போது 20 வயது. உங்களில் பலர் அந்த வயதுதானே? போன சீசனில் பெரும்பகுதி முதலிடத்தில் இருந்துவிட்டு, கடைசியில் சறுக்கினார்கள். இந்த வருடம் சறுக்கவில்லை. 2024 பிறந்த பிறகு ஆடிய 17 லீக் மேட்ச்களில் 15 வெற்றி, ஒரு டிரா, ஒரே ஒரு தோல்வி. அந்த ஒரே தோல்வி, ஏப்ரல் 14-ல் வில்லாவிடம், இப்போது ரசிகர்களைத் தூங்க விடாமல் செய்கிறது. மற்ற எந்தக் காலமாக இருந்தாலும் இந்த ஃபார்ம் கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கும். கார்டியோலா காலத்தில் அது பற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்தது

இந்த வாரம் செவ்வாய் இரவு டாட்டன்ஹாமில் நடந்ததைப் பார்த்தீர்களா? டாட்டன்ஹாம் - சிட்டி. டாட்டன்ஹாம் சிட்டியைத் தடுத்திருந்தால், கடைசி நாளில் ஆர்சனல் முதலிடத்தில் இருந்துகொண்டு ஆடியிருக்கும். ஆனால், ஆர்சனலின் பரம எதிரியே டாட்டன்ஹாம்தான். அடுத்த சீசன் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பைத் தக்கவைக்க அவர்களுக்கு வெற்றி கட்டாயம் தேவை. அப்படியிருந்தும், தங்கள் டீம் தோற்றால் பரவாயில்லை, ஆர்சனல் ஜெயிக்காமல் இருந்தால் போதும் என்ற மனநிலையில் ரசிகர்களில் ஒரு கூட்டம் இருந்தது. சிட்டி கோல் அடித்தபோது சொந்த கிரவுண்டிலேயே ஆர்சனலைக் கிண்டலடித்துப் பாடினார்கள். கோச் ஆங்கே போஸ்டகோக்லு கடுப்பானார். மேட்ச்சுக்குப் பிறகு கிளப்பின் அஸ்திவாரமே பலவீனமாக இருக்கிறது என்ற தொனியில் பேசினார்.

ஆனால், வீரர்கள் ஓடினார்கள். 86-வது நிமிடத்தில் சன் ஹியுங் மின் தனியாக கோல்கீப்பரை நோக்கி ஓடிய அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். காயம்பட்ட எடர்சனுக்குப் பதிலாக உள்ளே வந்திருந்த ஸ்டெஃபன் ஒர்டேகா காலை நீட்டித் தடுத்தார். அடுத்து பெனால்டியில் ஹாலண்ட் இரண்டாவது கோலையும் அடிக்க, 2-0.

ரசிகர் என்றால் எதிரியின் தோல்வியை விரும்பலாம். அது மனித இயல்பு. நம்மில் யார் அதைச் செய்யாதவர்கள்? ஆனால், உள்ளே ஆடுபவனும் அப்படி நினைக்க ஆரம்பித்தால் லீகே கிடையாது. சன் அன்றைக்கு அந்த கோலை அடித்திருந்தால், அவருடைய ரசிகர்களில் பாதிப்பேர் கொண்டாடியிருக்க மாட்டார்கள். அது தெரிந்தும் அவர் கோலை நோக்கித்தான் ஓடினார். ஞாயிறன்று வெஸ்ட்ஹாமிடம் கேட்பதும் அவ்வளவுதான்.

ஆன்ஃபீல்டில் ஒரு பிரியாவிடை

கோப்பைச் சண்டை வேண்டாம், கொஞ்சம் கண்கலங்கணும் என்றால் லிவர்பூல் - வுல்வ்ஸ் மேட்ச்சைப் போடுங்கள். யர்கன் க்ளாப்பின் கடைசி மேட்ச். 2015 அக்டோபரில் வந்தவர். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் 30 வருடத்துக்குப் பிறகு லீக் கோப்பை. அதைத் தூக்கியபோது கொரோனா காலம், ஆன்ஃபீல்டில் ரசிகர்களே இல்லை. கடந்த ஜனவரியில், சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி விடைபெறுவதாக அறிவித்தார்.

இன்னொரு பக்கம், சிட்டியால் அதிகம் வலி பட்டவரும் அவர்தான். 2019-ல் 97 புள்ளி எடுத்தும் ஒரு புள்ளியில் கோப்பையை விட்டார். 2022-ல் 92 எடுத்தும் அதே ஒரு புள்ளி. அந்த இரண்டு முறையும் கடைசி நாளில் ஆன்ஃபீல்டுக்கு வந்தது வுல்வ்ஸ்தான். இப்போதும் வுல்வ்ஸ். இந்த முறை மூன்றாவது இடம் உறுதி என்பதால் கணக்குப் போடும் வேலை இல்லை. நிம்மதியாக அழலாம்.

கீழே யார் கதி என்ன?

பிரீமியர் லீகில் கடைசி மூன்று டீம்கள் அடுத்த சீசன் கீழ் டிவிஷனுக்கு இறங்கணும். ஷெஃபீல்டு யுனைடெட், பர்ன்லி ஏற்கெனவே காலி. மூன்றாவதாக லூட்டன். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டைவிட 3 புள்ளி பின்தங்கி, கோல் டிஃபரன்ஸில் 12 பின்தங்கி இருக்கிறார்கள். அதாவது, லூட்டன் ஜெயிச்சு, ஃபாரஸ்ட் தோற்று, அதற்கு மேல் 12 கோலும் ஈடாகணும். நடக்காது. பத்து வருடத்துக்கு முன்புவரை அஞ்சாவது டிவிஷனில் இருந்த கிளப், வீடுகளுக்கு நடுவே சந்துக்குள் வாசல் இருக்கும் சின்ன மைதானத்தோடு பிரீமியர் லீகுக்கு வந்து ஒரு வருடம் போராடிவிட்டுப் போகிறது. போன வருடம் மேலே வந்த மூன்று டீமுமே திரும்பக் கீழே போவது 1997-98-க்குப் பிறகு இதுதான் முதல்முறை. பணக்கார கிளப்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவிலான பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஃபாரஸ்ட்டுக்கும் இந்த சீசனில் 4 புள்ளி வெட்டு. எவர்டனுக்கு 8. அதே நேரம், சிட்டி மீது 2023 பிப்ரவரியில் சுமத்தப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் இன்னும் விசாரணை முடியாமல் இருக்கின்றன. சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது. தீர்ப்பு வரும்வரை யாரையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஆனால், ஞாயிறன்று சிட்டி ஜெயித்தால் கொண்டாட்டத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் கேள்வியும் நிற்கும் என்பது சிட்டி ரசிகர்களுக்கே தெரியும்.

போனில் பார்ப்பவர்களுக்கு

மேட்ச்கள் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் சேனல்களிலும் டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டாரிலும் வருகின்றன. அதே நேரம் ஐ.பி.எல்-லிலும் மேட்ச் இருக்கிறது. வீட்டு டிவி ரிமோட்டுக்கு இப்போதே பேச்சுவார்த்தை நடத்திவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் போன்தான்.

ஆப்பில் ஓடும் வீடியோ நிஜ நேரத்தைவிடச் சில பல நொடிகள் தாமதமாகத்தான் வரும். ஸ்கோர் நோட்டிஃபிகேஷனோ உடனே வந்துவிடும். அதனால் கோல் விழுவதற்கு முன்பே 'கோல்' என்று உங்கள் போன் அதிரும். அந்தக் கொடுமை வேண்டாம் என்றால் 8.25-க்கு எல்லா ஸ்போர்ட்ஸ் ஆப்பின் நோட்டிஃபிகேஷனையும், முக்கியமாக அந்த ஃபுட்பால் வாட்ஸ்அப் குரூப்பையும் மியூட் போடுங்கள். டிவியில் பார்க்கும் நண்பன் ஒருத்தன் எப்படியும் முந்திக்கொள்வான்.

இரண்டு ஸ்கிரீன் இருந்தால் பெரிய ஸ்கிரீனில் சிட்டி, போனில் ஆர்சனல். ஒரே ஒரு ஸ்கிரீன்தான் என்றால் என் ஓட்டு எமிரேட்ஸுக்கு. அங்கே உட்கார்ந்துகொண்டே எட்டிஹாட்டையும் பார்க்கலாம், எப்படி என்றால் காதால். 2019 கடைசி நாளில் ஆன்ஃபீல்டில் லிவர்பூல் ஆடிக்கொண்டிருந்தபோது, களத்தில் எதுவுமே நடக்காத ஒரு நொடியில் மொத்த ஸ்டேடியமும் எழுந்து கத்தியது. தூரத்தில் பிரைட்டன், சிட்டிக்கு எதிராக கோல் போட்டிருந்தது. ஒன்றரை நிமிடத்துக்குள் சிட்டி சமன் செய்ய, அந்தச் சத்தம் அப்படியே வடிந்து போனது.

ஞாயிறன்று எமிரேட்ஸில் பந்து சும்மா த்ரோ-இன்னுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது 60,000 பேர் திடீரென்று கத்தினால், உடனே சேனலை மாற்றுங்கள். மான்செஸ்டரில், எதுவுமே கிடைக்காத ஒருத்தன் ஓடியிருக்கிறான் என்று அர்த்தம்.